பிரிண்டர் பூட்டின பிறகு கணினி ஏன் தவழத் தொடங்குகிறது?

கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வுபெற்று இப்போது வீட்டு விறாந்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறார். கிழமைக்கு இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றிலும் முப்பது பிரதி. பரமேஸ்வராச் சந்திப் பக்கம் போட்டோக்கொப்பிக் கடைகளில் கம்பஸ் பிள்ளைகளோடு வரிசையில் நின்று அலுத்துப்போய், போன ஐப்பசியில் ஒரு பிரிண்டர் வாங்கினார். அச்சடிக்க, ஸ்கான் பண்ண, கொப்பி எடுக்க, எல்லாம் ஒரே பெட்டியில். வாங்கி நாலாம் நாள் எனக்கு அழைப்பு வந்தது.

“தம்பி, உந்தப் பிரிண்டர் வந்த நாள் தொட்டு கொம்பியூட்டர் எழும்புதே இல்லை. ஒன் பண்ணிப்போட்டு நான் போய்த் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கொண்டுதான் நிக்குது. வைரஸ் ஏதும் ஏறிட்டுதோ?”

வைரஸ் இல்லை. ஆனால் அவருடைய சந்தேகம் முழுப் பிழையும் இல்லை, ஏனென்றால் அவர் கேட்காத ஆறேழு புரோகிராம்கள் அந்த லப்டொப்பில் வந்து குந்தியிருந்தன, அவரே “சம்மதம், சம்மதம், அடுத்தது” என்று அழுத்தி உள்ளே விட்டவை. பிரிண்டர் மென்பொருள் போட்டபின் கணினி மந்தமாகிறது என்ற முறைப்பாட்டை நான் வருடத்தில் பத்துத் தடவையாவது கேட்கிறேன். எல்லாரும் பிரிண்டரில் பழி போடுகிறார்கள், இல்லையென்றால் கணினி பழசாகிவிட்டது என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒன்றைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

முதலில் டிரைவர் என்றால் என்ன என்று பார்ப்போம். அன்ரி கேட்டார், “டிரைவர் எண்டா ஆர் ஓட்டுறது?” என்று. நியாயமான கேள்வி. வேர்டில் நீங்கள் ஒரு வினாத்தாளைத் தயாரிக்கிறீர்கள், வேர்டுக்கு எழுத்து தெரியும், தாளின் அளவு தெரியும், ஆனால் அந்தக் குறிப்பிட்ட பிரிண்டரின் தலை எந்த இடத்தில் எந்த நிற மையை எவ்வளவு துப்பவேண்டும் என்பது தெரியாது. பக்கத்தை வாங்கி, அந்தப் பிரிண்டருக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பதுதான் டிரைவரின் வேலை. நீங்கள் அச்சடிக்கக் கொடுக்கும்போது அது எழும்பும், வேலை முடிந்ததும் படுத்துவிடும். நீங்கள் யூடியூப் பார்க்கும்போதோ மின்னஞ்சல் எழுதும்போதோ அது உங்கள் கணினியைத் தொடுவதே இல்லை. சுத்தமான ஒரு டிரைவர் கணினியை மந்தமாக்குவது அபூர்வம்.

அப்படியென்றால் மந்தம் எங்கிருந்து வருகிறது? டிரைவரோடு சேர்ந்து வருகிறவர்களிடமிருந்து. பெட்டிக்குள் இருக்கும் சீடியைப் போட்டாலும், தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் போய் “முழு மென்பொருள்” என்று எழுதியிருக்கும் பெரிய பொத்தானை அழுத்தினாலும் கிடைப்பது டிரைவர் மட்டும் அல்ல. மை மட்டம் பார்க்கிற ஒன்று. பிரிண்டரில் இருக்கும் ஸ்கான் பொத்தானை நீங்கள் எப்போது அழுத்துவீர்கள் என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கும் ஒன்று. புதிய பதிப்பு வந்ததா என்று இணையத்தில் போய்த் தேடும் ஒன்று. படங்களை அழகுபடுத்தும் ஒன்று, அதை அன்ரி திறந்ததே இல்லை. நீங்கள் பிரிண்டரை எப்படிப் பாவிக்கிறீர்கள் என்று கணக்கெடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பும் ஒன்று. “உங்கள் பிரிண்டரைப் பதிவுசெய்யுங்கள்” என்று நச்சரிக்கும் ஒன்று. டிரைவர் மட்டுமென்றால் பெரும்பாலும் சில பத்து மெகாபைட்டோடு முடியும், இந்தக் கூட்டத்தோடு சேர்த்தால் அது நூற்றுக்கணக்கான மெகாபைட்டுக்குப் போய்விடும்.

ஏன் இப்படி அள்ளிப் போடுகிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுப் பிரிண்டர் வியாபாரத்தில் லாபம் மெசினில் இல்லை, மையில்தான். மெசினை மலிவாகத் தந்துவிட்டு, காட்றிஜ் விற்றுத்தான் காசு எடுப்பார்கள். அப்படியென்றால் மை குறைகிற நேரத்தில் உங்கள் திரையில் நிற்க ஒரு ஆள் வேண்டும், “மை முடியப்போகிறது, இங்கே வாங்குங்கள்” என்று சொல்ல. அந்த ஆள் நேரத்துக்கு அங்கே இருக்கவேண்டுமென்றால் கணினி எழும்பும்போதே எழும்பி நாள் முழுக்கக் குந்தியிருக்க வேண்டும். அச்சடிக்கிறது உங்கள் தேவை, குந்தியிருக்கிறது அவர்களுடைய தேவை.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால் அன்ரி வாங்கியது காட்றிஜ் பிரிண்டர் அல்ல, மைத்தொட்டி வைத்தது. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் காட்றிஜுக்குள் சிரிஞ்சால் மை ஏற்றிக் கை கறுத்துப்போய்த் திரிந்தவர்களுக்குத் தெரியும், இந்தத் தொட்டி எவ்வளவு பெரிய நிம்மதி என்று. 2010இல் எப்சன் நிறுவனம் தொட்டிப் பிரிண்டரை முதலில் இறக்கியது இந்தோனேசியாவில். அங்கே ஆட்கள் தாங்களாகவே வெளியில் தொட்டி கட்டிக் குழாய் இழுத்துப் பாவித்துக்கொண்டிருந்தார்கள். இப்படியான பிரிண்டர்களில் முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சின்ன ஜன்னல் இருக்கும், மை எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அன்ரியின் பிரிண்டரிலும் நாலு ஜன்னல். அதே மையைப் பார்க்கத்தான் அவருடைய லப்டொப்பில் ஒரு புரோகிராம் இருபத்துநாலு மணிநேரமும் காவல் நின்றது.

சரி, ஆறேழு சின்னப் புரோகிராம்கள் ஒரு கணினியை விழுத்துமா? புதுக் கணினியை விழுத்தாது. ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போட்ட, 16 ஜிபி ராம் உள்ள கணினியில் இவை எழும்பியதே உங்களுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீடுகளில் இருப்பது என்ன? தம்பியோ தங்கச்சியோ கம்பஸ் முடித்துவிட்டு விட்டுப்போன லப்டொப், 4 ஜிபி ராம், நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் ஹாட் டிஸ்க். அடி வாங்குவது இந்த ஹாட் டிஸ்க்தான்.

ஹாட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, அதன்மேல் ஒரு ஊசி நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஊசி புது இடத்துக்குப் போய், தட்டு சுற்றிவந்து சேரப் பத்துப் பதினைந்து மில்லி செக்கன் ஆகும். அப்படிப் பார்த்தால் அங்கொன்று இங்கொன்றாகக் கேட்டால் ஒரு செக்கனுக்கு நூறு தரத்துக்குள்தான் அதால் பதில் சொல்ல முடியும். எஸ்எஸ்டிக்கு ஊசியும் இல்லை, தட்டும் இல்லை, அது செக்கனுக்குப் பல்லாயிரம் தரம் பதில் சொல்லும். சோதனை நெருங்குகிற நாளில் போட்டோக்கொப்பிக் கடையை நினைத்துப் பாருங்கள். மெசின் ஒன்று, நிற்கிற பெடியன் ஒருவன். ஒரு ஆள் வந்து முந்நூறு பக்கப் புத்தகத்தைக் கொடுத்தால் பிரச்சினை இல்லை, அவன் கடகடவென்று அடித்துத் தள்ளுவான். ஆனால் பத்துப் பேர் சூழ்ந்து நின்று “தம்பி இதில ஒரு பக்கம், இந்த ஐடென்ரிக் காட்டில ரெண்டு பக்கமும், இதை மட்டும் கொஞ்சம் சின்னனாக்கி” என்று ஆளுக்கொன்று நீட்டினால் அவன் கை ஓயாமல் வேலை செய்தும் வரிசை குறையாது. கணினி எழும்பும் நேரத்தில் ஹாட் டிஸ்க் இருக்கும் நிலை அதுதான். விண்டோஸ் தன் கோப்புகளைக் கேட்கிறது, அன்ரிவைரஸ் கேட்கிறது, அதற்குள் பிரிண்டரோடு வந்த ஆறு பேரும் தங்கள் தங்கள் கோப்புகளை ஒரே நேரத்தில் கேட்கிறார்கள்.

இதைக் கண்ணாலே பார்க்க வழி இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அன்ரியின் லப்டொப்பில் அதுவே திறக்க ஒரு நிமிடம் எடுத்தது. டிஸ்க் என்ற நிரலில் நூறு வீதம், சிவந்துபோய். கீழே பார்த்தால் உண்மையில் படிக்கப்படுவது செக்கனுக்கு ஒன்று, இரண்டு மெகாபைட்தான். இது எப்படி என்று பலர் குழம்புவார்கள்: முழுமூச்சில் வேலை செய்கிறது, ஆனால் ஒன்றும் நகரவில்லை. அந்தப் போட்டோக்கொப்பிப் பெடியன்தான். ஊசி ஓடித்திரிவதிலேயே நேரம் போய்விடுகிறது.

இந்த இடத்தில் ஒரு அவசரத்தைத் தவிர்க்கவேண்டும். மென்பொருள் போட்ட அன்றைக்கே கணினி மந்தம் என்றால் உடனே எதையும் கழற்றாதீர்கள். புதிதாக வந்து இறங்கிய கோப்புகளை அன்ரிவைரஸ் ஒவ்வொன்றாகச் சோதிக்கும், விண்டோஸின் தேடல் வசதி அட்டவணை போடும், சில பிரிண்டர் மென்பொருள்கள் டொட்நெட் என்ற அடித்தளத்தையும் சேர்த்துப் போடும், அப்படிப் போட்டால் அது பின்னணியில் தன்னைத் தானே இயந்திர மொழிக்கு மாற்றிக்கொள்ள நேரம் எடுத்து புரொசெசரை உறிஞ்சும். இதெல்லாம் தானாக முடியும். லப்டொப்பைச் சார்ஜரில் போட்டு இரண்டு மூன்று மணிநேரம் சும்மா விடுங்கள், பிறகு ஒரு தடவை நிறுத்தி எழுப்புங்கள். அதற்குப் பிறகும் அதே நிலை என்றால்தான் அது குந்தியிருப்பவர்களின் வேலை. அன்ரி நாலு நாள் பொறுத்திருந்தார், ஆகவே அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் என்று ஒரு பகுதி இருக்கிறது. விண்டோஸ் 8 இல் இருந்து அங்கேதான் இருக்கிறது, அதற்கு முந்திய விண்டோஸ் 7 என்றால் எம்எஸ்கொன்ஃபிக் என்று தட்டித் தேடவேண்டும். கணினியோடு சேர்ந்து எழும்பும் புரோகிராம்களின் பெயர், யார் செய்தது, எழும்பும்போது எவ்வளவு பாரம் தருகிறது என்று வரிசையாகக் காட்டும். அன்ரியின் பட்டியலில் பிரிண்டர் நிறுவனத்தின் பெயரில் மட்டும் ஐந்து. ஐந்தையும் வலப்பக்க கிளிக்கில் டிஸேபிள் பண்ணினேன். இது அழிப்பது அல்ல, எழும்பாதே என்று சொல்வது மட்டும்தான், நினைத்தால் திரும்ப எனேபிள் பண்ணலாம், அதனால் பயமில்லாமல் செய்து பார்க்கலாம். ஆறாவது ஆள் அங்கே இல்லை. அவர் பின்னணியில் ஓடும் சேவைகளைக் காட்டும் சேர்விசஸ் என்ற இன்னொரு பட்டியலில் ஒளித்திருந்தார், புதிய பதிப்பு தேடுகிற அந்த ஆள். அவரை “தானாக” என்பதில் இருந்து “கையால்” என்பதற்கு மாற்றினேன்.

ஒரு எச்சரிக்கை: அதே சேர்விசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலர் என்றொரு பெயரும் இருக்கும். பிரிண்ட் என்று பேர் இருக்கிறதே என்று அதையும் நிறுத்திவிட்டால் அச்சடிக்கவே முடியாது. 2021 ஜூலையில் இந்த ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்து, பிரிண்ட் நைட்மேர் என்று பெயர் வைத்துப் பேசினார்கள். திருத்தம் வருமுன் ஸ்பூலரை நிறுத்திவைப்பதும் ஒரு வழியாகச் சொல்லப்பட்டது. அந்தப் பழைய ஆலோசனையை இன்றைக்கும் எங்கேயோ வாசித்துவிட்டு நிறுத்திப்போட்டு, “பிரிண்டர் பழுது” என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஸ்பூலர் கெட்டவன் இல்லை, ஆனால் சில நேரம் அதன் தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொள்ளும். நீங்கள் அச்சடிக்கக் கொடுக்கிற ஒவ்வொன்றையும் அது முதலில் டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதி வரிசையில் வைத்து, பிறகு பிரிண்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறது. அன்ரி வீட்டில் முன்பு இருந்த பழைய பிரிண்டரை மருமகனிடம் கொடுத்து வருடம் ஒன்றாகிறது, ஆனால் அதன் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது, அதற்கென்று கொடுத்த ஒரு பெரிய பிடிஎஃப் இன்னும் வரிசையில் நிற்கிறது! இல்லாத வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர் மாதிரி ஸ்பூலர் அதை வைத்துக்கொண்டு அல்லாடும். ஸ்பூலர் சேவையை நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையைத் திறந்து உள்ளே இருப்பவற்றை மட்டும் அழித்து, கோப்புறையை விட்டுவிட்டு, சேவையைத் திரும்பத் தொடங்கினால் சரி. பழைய பிரிண்டரின் பெயரையும் பட்டியலில் இருந்து எடுத்தேன்.

கணினி இப்போது ஒன்றரை நிமிடத்தில் எழும்பியது. அன்ரிக்கு முகம் மலர்ந்தது. நானும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன், “எதுக்கும் ஒருக்கா வேர்டைத் திறந்து பார் தம்பி” என்றார். திறந்தால், நாற்பது செக்கன். மற்றதெல்லாம் சுறுக்காக இருக்கிறது, வேர்ட் மட்டும் முழிக்கிறது.

இதைப் பிடிக்கத்தான் எனக்கு உண்மையில் நேரம் போனது. டிஸ்க் சும்மா இருக்கிறது, புரொசெசர் சும்மா இருக்கிறது, ஒருத்தரும் வேலை செய்யவில்லை, ஆனால் வேர்ட் காத்திருக்கிறது. யாருக்காக? மேசைக்குக் கீழே பார்த்தேன். பிரிண்டரின் பிளக் சுவரில் இருந்து கழற்றப்பட்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மின்னல் மழை, அதனால் பாவிக்காத எதையும் பிளக்கோடு கழற்றி வைப்பது அன்ரியின் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் பிரிண்டர் வைஃபையில் இணைக்கப்பட்டிருந்தது, கணினியின் முதல் தெரிவுப் (டிஃபோல்ட்) பிரிண்டரும் அதுதான். வேர்ட் திறக்கும்போது எந்தத் தாள், எவ்வளவு ஓரம், எங்கே பக்கம் உடையும் என்பதையெல்லாம் முதல் தெரிவுப் பிரிண்டரிடம் கேட்டுத்தான் பக்கத்தை அடுக்குகிறது. பிரிண்டர் வலையமைப்பில் இருந்து பதில் சொல்லவில்லை என்றால், இனி வராது என்று கைவிடும் வரைக்கும் காத்திருக்கும். எக்செலும் இப்படித்தான். பிளக்கைச் செருகி, பிரிண்டரின் விளக்கு நிலைத்ததும் வேர்டைத் திறந்தேன்; நாலு செக்கன்.

அதற்காக அன்ரியை நாள் முழுக்கப் பிரிண்டரைப் போட்டுவைக்கச் சொல்ல முடியாது. விண்டோஸோடு வரும் “மைக்ரோசொஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்” என்ற பொய்ப் பிரிண்டரை முதல் தெரிவாக வைத்துவிட்டேன். அது கணினிக்குள்ளேயே இருப்பதால் எப்போது கேட்டாலும் பதில் சொல்லும். அச்சடிக்கும்போது மட்டும் உண்மையான பிரிண்டரைத் தெரிந்தெடுத்தால் போதும். கூடவே, “முதல் தெரிவுப் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்” என்ற அமைப்பையும் நிறுத்தினேன், இல்லாவிட்டால் கடைசியாகப் பாவித்த பிரிண்டரை அது திரும்ப முதல் இடத்தில் ஏற்றிவிடும்.

இவ்வளவும் செய்யாமல் ஆரம்பத்திலேயே தப்ப வழி இருக்கிறதா? இருக்கிறது. தயாரிப்பாளரின் தளத்தில் முழு மென்பொருளுக்குக் கீழே, பெரும்பாலும் சின்ன எழுத்தில், டிரைவர் மட்டும் என்று ஒன்று இருக்கும், அதை எடுங்கள். இன்னும் சுலபம், புது வைஃபைப் பிரிண்டர் என்றால் ஒன்றுமே போடாமல் விண்டோஸ் அமைப்புகளில் “பிரிண்டர் சேர்” என்று கொடுத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் ஒரு டிரைவரும் போடாமல் அச்சடிக்கிறோமே, அது ஐபிபி என்ற பொது மொழியால். 1999இல் வந்த மொழி, 2010இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட் என்ற அச்சு வசதியும், பிரிண்டர் தயாரிப்பாளர்கள் சேர்ந்து 2013இல் தொடங்கிய மொப்ரியா கூட்டமைப்பும் வந்த பிறகுதான் வீட்டுப் பிரிண்டர்களுக்குப் பரவியது. விண்டோஸிலும் இப்போது அதற்கான பொது டிரைவர் இருக்கிறது. தயாரிப்பாளர்களின் தனித்தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைத்துவிடப்போவதாக மைக்ரோசொஃப்ட் 2023 செப்டெம்பரில் அறிவித்தது.

விண்டோஸ் அப்டேட்டையும் முழுக்க நம்பிவிடாதீர்கள். 2023 கடைசியில் பிரிண்டரே இல்லாத கணினிகளில்கூட எச்பி ஸ்மார்ட் என்ற செயலி தானாக வந்து உட்கார்ந்தது, சில கணினிகளில் வேறு நிறுவனங்களின் பிரிண்டர்கள்கூட எச்பி லேசர்ஜெட் என்று பெயர் மாறிப்போயின. மைக்ரோசொஃப்ட் அதைத் தங்கள் பக்கப் பிரச்சினையாக ஒப்புக்கொண்டு டிசெம்பரில் திருத்தக் கருவி ஒன்றையும் வெளியிட்டது.

ஏற்கெனவே முழு மென்பொருளைப் போட்டவர்கள், ஸ்டார்ட்அப்பில் நிறுத்தியும் சரிவரவில்லை என்றால், அதை முறையாக அன்இன்ஸ்டோல் பண்ணி, கணினியை ஒருதரம் நிறுத்தி எழுப்பி, டிரைவரை மட்டும் போடலாம். யூஎஸ்பி வயரால் இணைப்பவர்கள் மென்பொருள் கேட்கும் வரைக்கும் வயரைச் செருகாமல் இருப்பது நல்லது. இணையத்தில் “உங்கள் டிரைவர்கள் பழசாகிவிட்டன, ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்” என்று வரும் புரோகிராம்களைத் தயவுசெய்து தொடாதீர்கள், ஆறு பேரைக் கலைக்கப் போய் ஏழாவது ஆளைக் கூப்பிட்ட கதையாகிவிடும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் எஸ்எஸ்டி ஒன்று மாற்றுங்கள். நான் மேலே சொன்னதில் பாதி வேலை அப்போது தேவைப்படாது.

இரண்டு கிழமை கழித்து அன்ரி திரும்ப எடுத்தார். கணினி நன்றாக ஓடுதாம், ஆனால் பிரிண்டரில் இருக்கும் ஸ்கான் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லையாம். நடக்காதுதான், அந்தப் பொத்தானுக்குக் காது கொடுத்தவரை நான்தான் படுக்கப் போட்டேன். ஒன்று அவரை மட்டும் திரும்ப எழுப்பலாம், இல்லையென்றால் ஸ்கானைக் கணினிப் பக்கம் இருந்து, விண்டோஸ் ஃபாக்ஸ் அன்ட் ஸ்கானில் தொடங்கலாம் என்று சொன்னேன். “எழும்பிப் போய் அமத்துற வேலை மிச்சம்தானே, கொம்பியூட்டரிலயே செய்யிறன்” என்றார்.